நாற்பது வயதில் வரும் மறதி நோய்: குடும்பத்துக்கு யார் துணை?



“மறதி நோய் வயசானவங்களுக்குத்தானே வரும்?” என்று பலரும் கேட்கிறோம். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் சில குடும்பங்களில் 40, 45 வயதிலேயே வருகிறது. அல்சைமர் நோயாளிகள் 100 பேரில் ஒருவருக்கும் குறைவாகவே இந்தப் பரம்பரை வகை இருக்கிறது. அரிது என்றாலும், வந்த வீட்டில் சம்பாதிக்கிற கையே ஓய்ந்துவிடுகிறது.

கொலம்பியா சொல்லும் பாடம்

தென் அமெரிக்காவில் உள்ள கொலம்பியா நாட்டில், அந்தியோக்கியா மலைப்பகுதியில் இந்த நோய் உள்ள பெரிய வம்சம் வாழ்கிறது. உறவுகளைச் சேர்த்தால் சுமார் 6,000 பேர். 44 வயது வாக்கில் மறதி தொடங்கும். 49 வயது வாக்கில் அன்றாட வேலையே முடியாமல் போகும். சூனியம் என்றும், ஏதோ மரத்தைத் தொட்டதால் வந்தது என்றும் ஊரார் நம்பினார்கள். ‘அசட்டுத்தனம்’ என்ற பொருளில் அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்கள்.

பிரான்சிஸ்கோ லோபெரா என்ற மருத்துவர் 1980களில் இருந்து வீடு வீடாகப் போனார். தேவாலய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பார்த்து வம்சாவளியை எழுதினார்கள். 1995-இல் காரணம் தெரிந்தது: ஒரு மரபணுவில் ஏற்பட்ட பிழை. சாபமும் இல்லை, பாவமும் இல்லை. 2024-இல் லோபெரா காலமானார்.

2013-இல் 252 பேரிடம் ஒரு மருந்தைச் சோதித்தார்கள். 2022-இல் வந்த முடிவில் தெளிவான பலன் இல்லை. ஆனால் அந்த வம்சத்துப் பெண் ஒருவருக்கு, அதே பிழை இருந்தும், 70 வயது வரை மறதி வரவில்லை. வேறொரு மரபணு மாற்றம் அவரைக் காத்ததாக 2019-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். இன்றைய ஆராய்ச்சிக்கு அது ஒரு வழிகாட்டி.

அங்கேயும் பாரம் பெண்கள் தலையில்தான். 80 வயதைத் தாண்டிய ஒரு தாய், நோய் வந்த தன் மூன்று பிள்ளைகளையும் கைக்குழந்தை போலப் பார்த்துக்கொண்டார்.

“எனக்கும் வருமா?”

நோயுள்ளவரின் பிள்ளைகள் மனசுக்குள் கேட்கும் கேள்வி இது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆணா பெண்ணா என்ற வித்தியாசம் இல்லை. பிழை வராத பிள்ளை, அதைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொள்ளலாம். ஆனால் தெரிந்துகொள்வதா வேண்டாமா என்பது வயது வந்த அந்த நபரின் சொந்த முடிவு. மரபணு ஆலோசனை பெற்ற பிறகே செய்ய வேண்டும். கல்யாணப் பேச்சுக்காக யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது.

எப்போது மருத்துவரைப் பார்ப்பது?

குழம்புக்கு உப்பு போட்டோமா என்று மறப்பது சகஜம். தினமும் வைக்கிற குழம்பை எப்படி வைப்பது என்றே தெரியாமல் திகைத்து நின்றால் கவனியுங்கள். தைராய்டு கோளாறு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். அவற்றைச் சரிசெய்ய முடியும். எனவே முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நம் குழு என்ன செய்யலாம்?

• தவணை கட்ட மறக்கிற உறுப்பினரைத் திட்டும் முன், வீட்டுக்குப் போய் விசாரியுங்கள்.

• வங்கிக் கணக்கு, நகை அடகு, பத்திரம் இவற்றை, நோயாளிக்குத் தெளிவு இருக்கும்போதே அவர் சம்மதத்தோடு நம்பிக்கையான ஒருவருடன் ஒழுங்கு செய்ய உதவுங்கள்.

• வாரம் ஒரு நாள் ஒருவர் மாற்றி ஒருவர் போய் உட்காருங்கள். கவனித்துக்கொள்கிறவர் இரண்டு மணி நேரம் தூங்கட்டும்.

• “பைத்தியம்” என்ற சொல்லை யாரும் சொல்ல விடாதீர்கள்.

• கவனிப்பவருக்கு மனசு தாங்கவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

இந்த நோயை முழுவதும் குணமாக்க இன்றும் மருந்து இல்லை. ஆனால் அந்த வீட்டுப் பெண்ணைத் தனியாக விடாமல் இருக்க நம்மால் முடியும். அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டிப் பேசுங்கள்.