கம்ப்யூட்டர் நின்றால் கணக்கும் போய்விடுமா?



மொத்த வியாபாரமானாலும் சில்லறை வியாபாரமானாலும் இன்று கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் இல்லாமல் கடை நடப்பதில்லை. நாள்வழியும் பேரேடும் இருந்த இடத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. யாரிடம் எவ்வளவு பாக்கி, எந்தச் சரக்கு எத்தனை மூட்டை இருப்பு, எந்தத் தேதியில் யாருக்கு என்ன பில் என்பதெல்லாம் அதற்குள்தான். 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்த பிறகு மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்வதற்கும் அதையே நம்பியிருக்கிறோம்.

இப்படிப்பட்ட இயந்திரம் ஒரு நாள் காலையில் நீலத் திரையில் நாலு வரி ஆங்கிலத்தைக் காட்டி நின்றுவிட்டால், "கணக்கெல்லாம் போச்சே" என்ற பயம்தான் முதலில் வருகிறது. உண்மையில் பெரும்பாலும் கணக்கு அப்படியே பத்திரமாக இருக்கும். அவசரத்தில் யாரையோ கூப்பிட்டு, அவர் "பார்மட் பண்ணினால் சரியாகிவிடும்" என்று சொல்ல, நாமும் தலையாட்டும்போதுதான் அது போகிறது. ஆகவே இந்த நிறுத்தம் ஏன் வருகிறது, வந்தால் எதை முதலில் செய்யவேண்டும் என்பதை ஒவ்வொரு வணிகரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

டிரைவர் என்றால் என்ன?

கம்ப்யூட்டர் ஒரே பொருள் அல்ல. திரை, பிரிண்டர், நெட்வொர்க், ஒலி என்று ஒவ்வொரு பாகத்தையும் ஒவ்வொரு கம்பெனி செய்கிறது. இவை எல்லாவற்றையும் வைத்து வேலை வாங்குவது விண்டோஸ். ஆனால் எல்லாப் பாகங்களின் உள் சங்கதியும் விண்டோஸுக்குத் தெரியாது. அதனால் அந்தந்தப் பாகத்தோடு, அதை ஓட்டத் தெரிந்த ஒரு சிறிய புரோகிராமையும் கம்பெனி தருகிறது. அதற்குத்தான் டிரைவர் என்று பெயர். லாரி நம்முடையது, சரக்கும் நம்முடையது. ஆனால் கிளட்சும் கியரும் தெரிந்தவர் ஓட்டினால்தான் சரக்கு ஊர் போய்ச் சேரும். அது போலத்தான் இதுவும்.

நாம் பயன்படுத்தும் டேலி போன்ற புரோகிராம்கள் கடையின் முன்கட்டில் நிற்கும் ஆட்களைப் போன்றவை. அவற்றில் ஒன்று மயங்கி விழுந்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். மற்ற வேலை நடக்கும். டிரைவர்களில் பெரும்பாலானவை அப்படியல்ல. அவை பணப்பெட்டி இருக்கும் உள்ளறை வரை போய்வர அனுமதி பெற்றவை. அங்கே ஒரு டிரைவர் தவறான இடத்தில் கை வைத்தால், எது கெட்டது எது நல்லது என்று விண்டோஸால் பிரித்துப் பார்க்க முடியாது. தொடர்ந்து ஓடினால் நம் கோப்புகளிலேயே தவறாக எழுதிவிடக்கூடும். எனவே விண்டோஸ் தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது. அதுதான் நீலத் திரை. மின்சாரம் தாறுமாறாக வரும்போது பியூஸ் போவது போன்ற ஒரு பாதுகாப்பு என்று இதைச் சொல்லலாம். 2025-இல் வந்த மாற்றத்துக்குப் பின் விண்டோஸ் 11-இல் இதே திரை கறுப்பாக வருகிறது. நிறம்தான் வேறு, பொருள் ஒன்றே.

இது புதிய வியாதியும் அல்ல. 1998 ஏப்ரல் 20-ஆம் தேதி சிகாகோவில் நடந்த கண்காட்சியில், பில் கேட்ஸ் மேடையில் இருக்கும்போதே, ஒரு ஸ்கேனரைச் சொருகியதும் விண்டோஸ் 98 நீலத் திரையைக் காட்டி நின்றது. 2003-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை ஒன்று, அன்றைய விண்டோஸ் எக்ஸ்.பி.யில் பதிவான நிறுத்தங்களில் 85 சதவீதத்துக்கு டிரைவர்களே காரணம் என்று குறிப்பிட்டது.

ஒலிக்காக நின்ற கம்ப்யூட்டர்கள்

பில் போடுவதற்கு ஒலி எதற்கு என்று கேட்கலாம். தேவையே இல்லை. ஆனால் ஸ்பீக்கர் இணைக்காவிட்டாலும், ஒலிக்கான பாகம் கம்ப்யூட்டருக்குள் இருக்கும். இயந்திரத்தைப் போட்டதும் அதன் டிரைவரும் வேலைக்கு வந்துவிடும்.

2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வெளியானது. அடுத்த மாதமே மைக்ரோசாஃப்ட் ஓர் அறிவிப்புச் செய்தது. இன்டெல் கம்பெனியின் 11-ஆம் தலைமுறை பிராசஸரும், இன்டெல் ஸ்மார்ட் சவுண்ட் டெக்னாலஜி என்ற ஒலி டிரைவரின் குறிப்பிட்ட இரண்டு பதிப்புகளில் ஒன்றும் இருக்கும் கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் 11 ஏற்றினால் நீலத் திரை வரக்கூடும் என்பதே அது. அந்தப் பதிப்புகளின் எண்கள் 10.29.0.5152, 10.30.0.5152. இவை உள்ள கம்ப்யூட்டர்களுக்கு விண்டோஸ் 11-ஐ அனுப்புவதையே மைக்ரோசாஃப்ட் நிறுத்தி வைத்தது. கடைசி எண் 5714 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பை ஏற்றிக்கொண்டால் போதும் என்பது பரிகாரம். பாட்டுக் கேட்பதற்கான ஒரு சிறிய புரோகிராம், கணக்கு, கடிதம், பில் எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தியது என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

இதைவிடப் பெரிய சம்பவம் 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை நடந்தது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனத்தின் டிரைவர், நம் நேரப்படி காலை 9.39-க்கு அனுப்பப்பட்ட தவறான கோப்பு ஒன்றைப் படிக்கப் போய் விழுந்தது. 78 நிமிடங்களில் அந்தக் கோப்பைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நின்றுவிட்டன என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் பத்து மட்டுமே, அதுவும் சிறிய அளவில், பாதிக்கப்பட்டன என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது.

அன்று சரிசெய்த முறைதான் நமக்குப் பாடம். யாரும் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கவில்லை. பெரும்பாலான இடங்களில் கம்ப்யூட்டரை "சேஃப் மோட்" என்ற நிலையில் திறந்து, அந்த ஒரு கோப்பை மட்டும் நீக்கினார்கள். மற்றவை அப்படியே இருந்தன.

நீலத் திரை வந்தால் செய்யவேண்டியவை

1. செல்போனில் அந்தத் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "வாட் ஃபெயில்ட்" என்ற வரி இருந்தால் அதில் ஒரு கோப்பின் பெயர் இருக்கும். பெயரின் கடைசியில் எஸ்.ஒய்.எஸ். என்ற மூன்று எழுத்துகள் இருந்தால் அது பெரும்பாலும் ஒரு டிரைவர். நடுவில் ஆடியோ என்று வந்தால் ஒலியின் மேல் சந்தேகம் வைக்கலாம். அதில் வரும் பெயரே குற்றவாளி என்று முடிவு கட்டவும் வேண்டாம். அது முதல் தடயம் மட்டுமே.

2. சமீபத்தில் புதிதாக எதைச் சேர்த்தோம் என்று யோசியுங்கள். புது ஸ்பீக்கர், ஹெட்போன், கேமரா, பிரிண்டர் எதுவானாலும் கழற்றிவிட்டுத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

3. மீண்டும் நின்றால் சேஃப் மோடுக்குப் போகவேண்டும். விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்தில் எஃப் 8 பட்டனை அழுத்தினால் போதும். விண்டோஸ் 10, 11-இல், இயந்திரம் இரண்டு மூன்று முறை சரியாகத் திறக்காவிட்டால் பழுதுபார்க்கும் திரை தானாக வரும். அதில் டிரபுள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று வரிசையாகப் போய், பட்டியல் வந்ததும் 4 என்ற எண்ணை அழுத்தவேண்டும். சில கம்ப்யூட்டர்களில் பிட்லாக்கர் என்ற பூட்டு இருக்கும். அது 48 இலக்கச் சாவி எண்ணைக் கேட்கும். அந்த எண்ணை இன்றே எடுத்துத் தாளில் எழுதி, கடைப் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள்.

4. சேஃப் மோடில் அத்தியாவசியமான டிரைவர்கள் மட்டுமே ஓடும். ஒலி டிரைவர் ஓடாது. ஆகவே அங்கே இயந்திரம் நிற்காமல் ஓடினால், கோளாறு ஏதோ ஒரு டிரைவரிலோ, தானாக ஆரம்பிக்கும் ஒரு புரோகிராமிலோ இருக்கிறது என்று கொள்ளலாம். அந்த நிலையிலேயே, வேறு எதையும் தொடுவதற்கு முன்னால், கணக்கு இருக்கும் உறையைப் பென் டிரைவில் நகல் எடுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான வேலை.

5. பிறகு ஸ்டார்ட் பட்டனில் மவுஸின் வலது பக்கத்தை அழுத்தி, டிவைஸ் மேனேஜரைத் திறக்கவும். சவுண்ட் என்று தொடங்கும் பிரிவில் உள்ள ஒலிக் கருவியின் பிராபர்ட்டீஸில் டிரைவர் என்ற பக்கம் இருக்கும். "ரோல் பேக் டிரைவர்" என்பதை அழுத்தினால் முன்பிருந்த பழைய டிரைவர் திரும்ப வரும். அது மங்கலாக இருந்து அழுத்த முடியாவிட்டால் "டிஸேபிள்" கொடுங்கள். "அன்இன்ஸ்டால்" செய்தால் விண்டோஸ் அதே டிரைவரைத் தானே திரும்ப ஏற்றிவிடக்கூடும்; டிஸேபிள் செய்தால் அந்தக் கருவி நாம் சொல்லும்வரை ஒதுங்கி நிற்கும்.

6. இயந்திரத்தை வழக்கம்போலத் திறந்து ஒரு வாரம் பார்க்கவும். நிற்கவில்லை என்றால் காரணம் கிடைத்துவிட்டது. பில் போடும் இயந்திரத்துக்கு ஒலி வேண்டாம் என்றால் அப்படியே விட்டுவிடலாம். வேண்டுமென்றால், கம்ப்யூட்டர் கம்பெனியின் சொந்தத் தளத்தில், நம் மாடல் எண்ணுக்கு உரிய டிரைவரை மட்டும் எடுக்கவேண்டும். "எல்லா டிரைவரையும் இலவசமாகப் புதுப்பித்துத் தருகிறோம்" என்று வரும் புரோகிராம்களின் பக்கம் போகவே கூடாது.

7. வேலை மறுபடி ஆரம்பித்ததும் கடைசியாகப் போட்ட பத்து பில்களைக் காகித நகலோடு ஒத்துப் பாருங்கள். நின்ற நேரத்தில் போட்டுக்கொண்டிருந்த பில் பதிவாகாமல் விட்டுப் போயிருக்கலாம்.

கோளாறு வேறு இடத்தில் இருந்தால்

ஒவ்வொரு முறையும் ஒரே கோப்பின் பெயர் வந்தால் டிரைவரைச் சந்தேகிக்கலாம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர் வந்தாலோ, சேஃப் மோடிலும் நின்றாலோ, மெமரி அல்லது ஹார்ட் டிஸ்க் அல்லது மின்சாரத்தைப் பார்க்கவேண்டும். மிளகாய், மல்லி, மாவு வியாபாரம் நடக்கும் கடைகளில் தூசி போய் விசிறியை அடைத்துக்கொள்ளும். நம் புதுக்கோட்டை வெயிலில், தகரக் கொட்டகைக்குக் கீழே மே மாதம் மதியத்தில் மட்டும் நிற்கும் கம்ப்யூட்டருக்கு டிரைவரை மாற்றிப் பயன் இல்லை. விவரம் தெரிந்தவரைக் கூப்பிடவேண்டியதுதான். அப்போதும் முதல் வார்த்தையாக, "கணக்கை நகல் எடுத்து, வேறு ஒரு கம்ப்யூட்டரில் திறந்து காட்டிவிட்டுப் பிறகு எதையும் செய்யுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். விண்டோஸே திறக்காவிட்டாலும், ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் அதைக் கழற்றி வேறு இயந்திரத்தில் இணைத்து நகல் எடுக்க முடியும்.

இதில் தாட்சண்யம் பார்க்கக்கூடாது. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஓர் ஆண்டின் கணக்கை, அந்த ஆண்டறிக்கைக்கு உரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்கவேண்டும். "கம்ப்யூட்டர் நின்றுவிட்டது" என்பது அதற்குப் பதில் ஆகாது. வெளியே நிற்கும் பாக்கியோ சட்டத்தைவிடப் பெரிது. பேரேடு இல்லாமல் போய்க் கேட்டால் கொடுப்பவரும் யோசிப்பார்.

கடை நிற்கக்கூடாது

2018 நவம்பர் 16-ஆம் தேதி வந்த கஜா புயலில் நம் மாவட்டத்தில் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மெழுகுவர்த்திக்கும் அரிசிக்கும் ஜனங்கள் வந்தபோது, இயந்திரம் ஓடவில்லை என்று கடையைச் சாத்த முடியுமா? கம்ப்யூட்டர் நிற்கும் நாளும் அப்படித்தான். அதற்கு மூன்று ஏற்பாடுகள் போதும்.

முதலாவது, அச்சடித்த பில் புத்தகம் ஒன்று. கம்ப்யூட்டர் பில் எண் வரிசையோடு கலக்காமல், தனி எழுத்தோடு தனி வரிசையாக இருக்கட்டும். ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளை விதி அனுமதிக்கிறது. எண் 16 எழுத்துகளைத் தாண்டக்கூடாது, அதே நிதியாண்டில் ஒரே எண் இரண்டு முறை வரக்கூடாது. ஆண்டு விற்பனை ரூ. 5 கோடிக்கு மேற்பட்டவர்கள், 2023 ஆகஸ்ட் 1 முதல், பதிவு பெற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் எடுக்கவேண்டும். அவர்களுக்குக் கைபில் மட்டும் போதாது. ஆனால் அதை வேறு எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் எடுக்கலாம். எனவே அதற்குரிய பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டும் வேலை செய்யும் பையனுக்கு மட்டும் தெரிந்ததாக இல்லாமல் முதலாளியிடமும் இருக்கவேண்டும்.

இரண்டாவது, தினசரி நகல். ஷட்டரை இறக்குவதற்கு முன் ஐந்து நிமிடம். ஒரு நகல் பென் டிரைவில், இன்னொன்று வீட்டில். கடையிலேயே எல்லா நகலும் இருந்தால் தீக்கும் வெள்ளத்துக்கும் ஒன்றாகப் போகும். மாதம் ஒரு முறை அந்த நகலை வேறு இயந்திரத்தில் திறந்து பாருங்கள். திறக்காத நகல் நகலே அல்ல.

மூன்றாவது, நாள் பார்த்து மாற்றம் செய்வது. மாதம் 11-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-ஆம் தேதிக்குள் 3பி தாக்கல் செய்பவர்கள், 10-ஆம் தேதியிலும் 19-ஆம் தேதியிலும் புதிய டிரைவரோ புதிய விண்டோஸோ ஏற்றவேண்டாம். தீபாவளி, பொங்கல் வியாபாரத்துக்கு முந்தின வாரமும் வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால் பலர் விண்டோஸ் 11-க்கு மாறி வருகிறார்கள். மாறத்தான் வேண்டும், நகல் எடுத்து, ஓய்வான நாளாகப் பார்த்து, பிரிண்டருக்கும் ஒலிக்கும் பொருந்தும் டிரைவர் உண்டா என்று கேட்டுக்கொண்டு மாறுங்கள்.

நம் முன்னோர் கணக்குப்பிள்ளையை நம்பினார்கள். ஆனாலும் இரவில் சிட்டையைத் தாங்களே ஒரு முறை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுத்தார்கள். கம்ப்யூட்டருக்கும் அந்த மரியாதையையும் அந்த மேற்பார்வையையும் கொடுத்தால், நீலத் திரை வந்த நாளிலும் வியாபாரம் நடக்கும், கணக்கும் நிற்கும்.