கெட்டிக்காரி என்று எழுதினால் போதாது

“சித்தி, என்னைப் பற்றி நானே எப்படிப் புகழ்ந்து எழுதுவது?”

ஒரு சனிக்கிழமை காலை. தேக்கா நிலையத்தில் காய்கறி வாங்கி முடித்து, உணவங்காடிப் பக்கம் ஆளுக்கொரு தே தாரிக்குடன் உட்கார்ந்திருந்தபோது அக்கா மகள் இப்படிக் கேட்டாள். அவள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறாள். அவளுடைய குழு செய்த திட்டப்பணியை மாணவர் ஆய்வு விருது ஒன்றுக்குக் கல்லூரி முன்மொழியப் போகிறது. “பரிந்துரையின் முதல் வரைவை நீங்களே எழுதிக் கொடுங்கள், நான் திருத்திக்கொள்கிறேன்” என்று விரிவுரையாளர் சொல்லிவிட்டாராம். திங்கட்கிழமை மாலைக்குள் கொடுக்கவேண்டும்.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வு நிர்வாக அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஆய்வாளர்களை விருதுகளுக்கு முன்மொழியும் ஆவணங்களைத் தயாரிப்பது என் பணிகளில் ஒன்று.

அவளுடைய கைப்பேசியில் வரைவைப் படித்தேன். “மிகுந்த ஆர்வமும் விடாமுயற்சியும் கொண்ட மாணவி”, “புதுமையான சிந்தனை”, “தலைசிறந்த தலைமைத்துவம்.” ஒரு பக்கம் முழுவதும் இப்படியே. படித்து முடித்த பிறகும் அவள் என்ன ஆய்வு செய்தாள் என்பது எனக்குத் தெரியவில்லை!

பல ஆய்வு விருதுகளுக்கு “எனக்குக் கொடுங்கள்” என்று நாமே கேட்க முடியாது. வேறொருவர், பெரும்பாலும் நாம் சார்ந்த கல்வி நிலையமோ ஆய்வுக் கழகமோ, நமக்காகப் பேசவேண்டும். நோபெல் பரிசுக்குத் தன்னைத் தானே முன்மொழிந்தவர் தகுதி பெறமாட்டார். சிங்கப்பூரில் 2009 முதல் இன்றைய பெயரில் வழங்கப்படும் அதிபர் அறிவியல், தொழில்நுட்ப விருதுகளும், 35 வயதுக்கு மேற்படாத ஆய்வாளர்களுக்கான இளம் அறிவியலாளர் விருதும் முன்மொழிவில்தான் தொடங்குகின்றன. துறை ஒருவரின் பெயரைச் சொல்லும். நிலையத்தின் உட்குழு அதைப் பரிசீலிக்கும். பிறகுதான் ஆவணம் வெளியே போகும். தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் அந்த ஆய்வாளரை நேரில் பார்த்திராதவர்களாக இருக்கலாம். அவர்கள் கையில் இருப்பது சில பக்கங்கள் மட்டுமே.

“இது நமக்குப் புதிதில்லை” என்றேன். “பள்ளியில் படித்தபோது நல்லாசிரியர் விருதுக்கு உன் தமிழாசிரியரைப் பற்றி எழுதினாயே, நினைவிருக்கிறதா?” 2002இல் தொடங்கிய அந்த விருதுக்கு மாணவர்களே ஆசிரியர்களை முன்மொழிகிறார்கள். “அவர் அன்பானவர் என்று மட்டுமா எழுதினாய்? வாய்மொழித் தேர்வுக்கு முன்பு ஒவ்வொரு புதன்கிழமையும் பள்ளி முடிந்து உன்னோடு உட்கார்ந்து பேசிப் பழக்கினார் என்று எழுதினாய். அதைத்தான் இங்கேயும் செய்யவேண்டும்.”

என் மேசையில் நான் எப்போதும் வைத்திருக்கும் ஒரு பழைய கடிதத்தின் கதையை அவளிடம் சொன்னேன்.

1913. சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தராக இருந்தார் சீனிவாச இராமானுஜன். கல்லூரித் தேர்வில் தேறாததால் பட்டம் இல்லை. அந்த ஆண்டு இந்திய வானிலைத் துறையின் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தார். அவரும் கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றவர். துறைமுகக் கழகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங், தம் எழுத்தரின் கணக்குகளை அவரிடம் காட்டினார். பிப்ரவரி 26ஆம் தேதி, சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு வாக்கர் ஒரு கடிதம் எழுதினார்.

அந்தக் கடிதத்தில் மூன்று விஷயங்கள் இருந்தன. முதலாவது, ஓர் ஒப்பீடு: தாம் பார்த்த பணி, கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றின் கணித ஆய்வாளரின் பணிக்கு இணையான சுயசிந்தனை கொண்டது என்றார். இரண்டாவது, நேர்மை: முடிவுகளில் இன்னும் முழுமையும் துல்லியமும் போதவில்லை, இந்தக் கணிதப் பிரிவு தமது சிறப்புத் துறையும் அல்ல என்று ஒப்புக்கொண்டார். மூன்றாவது, தெளிவான கோரிக்கை: பிழைப்பைப் பற்றிய கவலையின்றிச் சில ஆண்டுகள் கணிதத்தில் மட்டும் ஈடுபட இவருக்குப் பல்கலைக்கழகம் வழிசெய்வது நியாயம் என்றார்.

“குறையையும் எழுதினாரா?” அவளுக்கு வியப்பு.

எழுதினார். அதனால்தான் புகழ்ச்சியையும் நம்ப முடிந்தது. பல்கலைக்கழகம் பட்டமில்லாத அந்த எழுத்தருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகையை ஈராண்டுக்கு வழங்கியது.

அடுத்த ஆண்டு இராமானுஜன் கேம்பிரிட்ஜ் சென்றார். 1917 டிசம்பரில் ராயல் சொசைட்டி உறுப்பினராக அவரை முன்மொழிந்தார்கள். ஹார்டி, லிட்டில்வுட், மக்மகான், வைட்ஹெட் உள்ளிட்ட கணித வல்லுநர்கள் அந்தச் சான்றிதழில் கையெழுத்திட்டார்கள். அதில் அவருடைய தகுதி ‘கணித ஆய்வு மாணவர்’ என்றே குறிக்கப்பட்டுள்ளது. காரணமும் ஒரே வாக்கியம்தான்: நீள்வட்டச் சார்புகளிலும் எண்கோட்பாட்டிலும் செய்த ஆய்வுகளால் சிறப்புப் பெற்ற கணிதவியலாளர். ‘மேதை’ என்ற சொல் அதில் இல்லை. 1918இல், 30 வயதில், அவர் உறுப்பினரானார்.

“இப்போது உன்னுடைய ஒரு வாக்கியத்தைச் சொல்” என்றேன்.

சற்று யோசித்தாள். “வீவக அடுக்குமாடிக் கார்நிறுத்தத்தின் மேல்தளத்தில் இருக்கும் தோட்டத்துக்காக, மண்ணின் ஈரத்தை அளந்து தேவையானபோது மட்டும் தண்ணீர் விடும் கருவி ஒன்றைச் செய்தோம். ஆறு வாரம் சோதித்துப் பார்த்தோம். வழக்கமாகச் செலவாகும் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமானது.”

“மழை நாள்களைக் கணக்கில் எடுத்தீர்களா?”

“இல்லை, அது ஒரு குறைதான்.”

“அதையும் எழுது. அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை அதற்குக் கீழே எழுது.”

‘தலைசிறந்த தலைமைத்துவம்’ போய், ஈரமானி வந்தது. அரை மணி நேரத்தில் வரைவு பாதியாகச் சுருங்கியது. ஆனால், ஓர் இடத்தில் என் கண் நின்றுவிட்டது. கருவியை யார் வடிவமைத்தார் என்ற பத்தியில் “குழுவினர்” என்று மட்டும் இருந்தது. மேலே இரண்டே பெயர்கள்.

“கருவியைச் செய்தது யார்?”

உடனே பதில் வரவில்லை. “மூன்றாவதாக ஒருவன் இருந்தான். முதல் மாதிரியைச் செய்தது அவன்தான். படிப்பை நடுவில் நிறுத்திவிட்டுத் தேசிய சேவைக்குப் போய்விட்டான். சோதனை தொடங்கியபோது அவன் எங்களோடு இல்லை. பெயரைச் சேர்க்கலாமா என்று தெரியவில்லை.”

அப்போது அவளுக்கு இன்னொரு கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். 1903ஆம் ஆண்டு இயற்பியல் நோபெல் பரிசுக்குப் பிரெஞ்சு அறிவியல் கழக உறுப்பினர் நால்வர் ஒரு பரிந்துரை அனுப்பினார்கள். கதிரியக்க ஆய்வுக்காக ஆன்றி பெக்கரல், பியர் கியூரி ஆகிய இருவர் பெயரையும் எழுதியவர்கள், மேரி கியூரியின் பெயரை விட்டுவிட்டார்கள். சுவீடனின் கணித அறிஞர் மிட்டாக்-லெஃப்லர் இதைப் பியருக்குத் தெரியப்படுத்தினார். தம்மைக் கருத்தில் கொள்வதானால் மேரியையும் சேர்த்தே கருத்தில் கொள்ளவேண்டும் என்று பியர் பதில் எழுதினார். அவ்வாண்டுப் பரிசு மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. தகவல் சொல்ல ஒருவரும், “அவரும்தான்” என்று எழுத ஒருவரும் இருந்ததால் அந்தப் பிழை திருத்தப்பட்டது.

நான் செய்த பிழை திருத்தப்படவில்லை. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு குழு விருதுக்கான ஆவணத்தைத் தயாரித்தேன். ஆய்வுக் கட்டுரைகளின் முதல் பக்கத்தில் இருந்த பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். அந்த அளவீடுகளைப் பல ஆண்டுகளாக எடுத்துவந்த ஆய்வக அலுவலரின் பெயர், கட்டுரைகளின் கடைசியில் நன்றி சொல்லும் பகுதியில் இருந்தது. அங்கே நான் பார்க்கவில்லை. யாரிடமும் கேட்கவுமில்லை. விருது கிடைத்தது. ஒரு வாரம் கழித்து மின்தூக்கியில் அவரைச் சந்தித்தேன். “நன்றாக எழுதியிருந்தீர்கள்” என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு, எந்த ஆவணத்தை எடுத்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி, “இதில் யார் பெயர் இல்லை?” என்பதுதான்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அறிவியல் கண்காட்சிக்கோ உதவித்தொகைக்கோ வேலைப் பயிற்சிக்கோ விண்ணப்பிப்பவர்களாக இருப்பீர்கள். உங்களுக்காக எழுதப்போகும் ஆசிரியருக்கு உதவச் சில பழக்கங்களை இப்போதே வைத்துக்கொள்ளலாம்.

திட்டப்பணி தொடங்கிய நாளிலிருந்து ஒரு குறிப்பேடு வைத்திருங்கள். யார், எந்தத் தேதியில், எதைச் செய்தார் என்று ஒரு வரி போதும். ஓராண்டு கழித்து நினைவு ஏமாற்றும், குறிப்பேடு ஏமாற்றாது.

பரிந்துரை கேட்பதானால் கடைசி நாளுக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு முன்பே கேளுங்கள். விருதின் விதிமுறை, உங்கள் பணியைச் சொல்லும் ஒரு பக்கம், கடைசித் தேதி ஆகிய மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். உங்கள் ஆசிரியருக்கு உங்களைப் போல இன்னும் பல மாணவர்கள் இருப்பார்கள்.

விதிமுறையில் என்ன கேட்கிறார்கள் என்பதைப் பாருங்கள். சமூகப் பயனைக் கேட்டால் மதிப்பெண்ணை எழுதிப் பயனில்லை. எழுதியதை உங்கள் துறையைச் சேராத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை அவர் ஒரு வாக்கியத்தில் திருப்பிச் சொல்ல முடிந்தால் வரைவு தயார்.

அனுப்பும் முன்பு பெயர்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

தேக்காவிலிருந்து சிராங்கூன் சாலை வழியாக எம்ஆர்டி நிலையத்துக்கு நடந்தபோது அக்கா மகள் அதிகம் பேசவில்லை. பூக்கடை அருகே நின்று கைப்பேசியில் ஏதோ தட்டினாள். “விரிவுரையாளருக்கும் எழுதிவிட்டேன், சித்தி. மூன்று பெயர் போடலாமா என்று கேட்டிருக்கிறேன். அவனுக்கும் அனுப்பிவிட்டேன், அவன் செய்த பகுதியை நான் சரியாக எழுதியிருக்கிறேனா என்று பார்க்கச் சொல்லி.”

ஞாயிற்றுக்கிழமை இரவு எனக்கு அந்த வரைவு வந்தது. மூன்று பெயர்கள் இருந்தன. மூன்றாவது பெயருக்கு எதிரே ஒரு வரி: முதல் மாதிரிக் கருவியை வடிவமைத்தவர், சோதனைக் கட்டத்தில் பங்கேற்கவில்லை.

விருது கிடைக்குமா என்பது இன்னும் தெரியாது. முகாமில் இருக்கும் அந்தப் பையனிடமிருந்து ஒரு திருத்தம் மட்டும் வந்ததாம்: கருவியின் பெட்டியைத் தான் செய்யவில்லை, அதைச் செய்தது அக்கா மகள்தான் என்று.