வெள்ளக் கணக்கு: நேரடித் தரவா, சேமித்த பிரதியா?

2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. வானிலைத் துறையின் மழைநாள் காலை எட்டரைக்கு முடிவதால், இது ஒரு முழுநாளின் கூட்டுத்தொகை. முந்தைய நாள் செம்பரம்பாக்கம் ஏரியில் திறந்துவிட்ட நீரோ சில மணி நேரத்தில் பல மடங்காகி, மாலையில் விநாடிக்கு 29,000 கன அடியைத் தொட்டது. அந்தச் சென்னை வெள்ளம் ஒன்றுதான்; ஆனால் ஒரு தரவு நாளுக்கொரு முறை மாறுகிறது, மற்றது மணிக்கு மணி மாறுகிறது. தரவை வரைபடமாகக் காட்டும் டேப்லோ, பவர் பிஐ போன்ற மென்பொருள்களில் இரண்டையும் ஒரே விதமாக இணைப்பது தவறு.

நேரடி இணைப்பில், ஒருவர் வரைபடத்தைத் திறந்தாலே மூலத் தரவுத்தளத்துக்கு ஒரு கேள்வி போய் விடை வர வேண்டும். சேமித்த பிரதியில் தரவை முன்பே எடுத்துச் சுருக்கி வைத்துவிடுவதால் விடை அங்கேயே கிடைக்கும். ஆனால் அது கடைசியாகப் புதுப்பித்த நேரத்துத் தகவல். தினசரி மழைக் கணக்குக்கும் பல்லாண்டுப் பதிவுகளுக்கும் தாம்பரம் அருகே உள்ள முடிச்சூரின் நிலமட்ட வரைபடத்துக்கும் நேரடி இணைப்பு வீண். நாளுக்கொரு முறை நிரம்பும் அட்டவணையை நிமிடத்துக்கொரு முறை கேட்டாலும் வருவது அதே எண்தான். திரை மினுமினுப்பதால் தரவு புதிதாகிவிடாது.

வெள்ள நேரத்தில் பழைய எண்ணை நம்பலாமா என்று கேட்பது நியாயமே. ஏரி மட்டமும் மதகுத் திறப்பும் கட்டுப்பாட்டு அறைக்கு நேரடியாகத்தான் வர வேண்டும். அங்கே பார்ப்பவர்கள் சிலர்தான். அதே இணைப்பைப் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டால், கனமழை இரவில் வரதராஜபுரம் முதல் பள்ளிக்கரணை வரை எல்லோரும் ஒரே நேரத்தில் தட்டுவார்கள். தேவையான வேளையில்தான் சர்வர் படுக்கும். 2015-இல் மின்சாரமும் செல்பேசிச் சேவையும் பல இடங்களில் அற்றுப்போயின. இணைப்பு போனால் நேரடித் திரையில் எதுவும் இராது. கைபேசியில் ஏற்கெனவே இறங்கிய பிரதி கடைசி நிலவரத்தையாவது காட்டும். அதில் நேரம் குறிக்காவிட்டால்தான் ஆபத்து. இரண்டு மணிக்கு எடுத்த எண்ணை ஐந்து மணிக்குப் படிப்பவர் ஏமாந்துபோவார்.

பிரதிக்கு இன்னொரு பயனும் உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. நேரடித் திரை இந்த நிமிடத்தை மட்டுமே காட்டும். எந்த மணிக்கு எந்த எண் அதிகாரியின் கண்முன் இருந்தது என்று பின்னால் விசாரிக்க, மணிவாரியாகச் சேமித்த பிரதிகள் வேண்டும். தாம்பரம் மாநகராட்சியும் நீர்வளத் துறையும் அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஏரி மட்டத்தைக் கட்டுப்பாட்டு அறைக்கு நேரடியாகவும், மக்களுக்குக் கால் மணிக்கொரு முறை நேரம் குறித்த பிரதியாகவும் தரட்டும். அந்தப் பிரதிகளை அழிக்காமலும் வைக்கட்டும்.