பல்லியைப் பள்ளியாக்கிய கீபோர்டு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும் பெற்றோர் பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "பையன் படிப்புக்கு இது உண்மையிலேயே உதவுமா, இல்லை கேம்ஸ் விளையாடத்தானா?" சாப்ட்வேர் இன்ஜினியரிடம் கேட்டால் உதவும் என்றுதான் சொல்வான். என் விஷயத்தில் உதவியது எந்த சாப்ட்வேரையும் விட அதிகமாக ஒரு கீபோர்டு. அந்தக் கதையை எழுதுகிறேன்.

ஐந்து வயதில் அமெரிக்காவின் நியூ ஜெர்சிக்குப் போனவன், எட்டாம் வகுப்பை அங்கே முடித்துவிட்டு 2011 ஜூலையில் திருச்சிக்குத் திரும்பினேன். தாத்தா இறந்த பிறகு அப்பாயி தனியாக இருந்தார். அதனால் அப்பா வேலையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்த்தார்கள். சமச்சீர் கல்வி வழக்கு நடந்த ஆண்டு அது. ஆகஸ்ட் 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை யாரிடமும் பாடப்புத்தகம் இல்லை. எனக்கு அது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. வகுப்பில் எல்லோரும் என்னைப் போலவே வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார்கள்!

புத்தகம் வந்ததும் நிம்மதி போயிற்று. கணக்கில் கால்குலேட்டர் கிடையாது. மில்லியன் என்று பழகியவனுக்கு லட்சமும் கோடியும் வந்தன. தேதியை அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் போட்டு 08/11/2011 என்று லீவ் லெட்டர் எழுதினேன். "நவம்பர் மாத லீவுக்கு இப்போதே லெட்டரா?" என்று கேட்டார் வகுப்பாசிரியர். (உங்கள் கம்ப்யூட்டரும் இதே தவறைச் செய்யலாம். விண்டோஸில் ரீஜன் அமைப்பை இங்கிலீஷ் இந்தியா என்று மாற்றிவிட்டால் தேதி நம் வழக்கப்படி வரும். எண்களும் 12,34,567 என்று லட்சக் கணக்கில் வரும்.) இவையெல்லாம் இரண்டு மாதத்தில் சரியாகிவிட்டன.

சரியாகாதது தமிழ். வீட்டில் நன்றாகப் பேசுவேன். எழுதப் படிக்கத் தெரியாது. சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் போர்டைப் படிக்க முடியாமல் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டு ஏறுவேன். காலாண்டுத் தேர்வில் நூற்றுக்கு 11. "எங்கள் பள்ளி" என்ற கட்டுரையில் தொடக்கம் முதல் முடிவு வரை "பல்லி" என்றே எழுதியிருந்தேன். "எங்கள் பல்லி மிகவும் பெரியது, அதில் ஆயிரம் மாணவர்கள் படிக்கிறார்கள்" என்று தமிழாசிரியர் படித்துக் காட்டியபோது வகுப்பே சிரித்தது. அவர் கெட்டவரில்லை, அவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதற்குப் பிறகு நான் எந்தப் பாடத்திலும் கையைத் தூக்கவில்லை.

தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு எடுத்துக்கொள்ளலாம் என்றது பள்ளி. தமிழைக் கட்டாயமாக்கிய 2006-ஆம் ஆண்டுச் சட்டம் முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி வந்துகொண்டிருந்தது. என் வகுப்பை அது எட்டவில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு ஒன்றரை ஆண்டுதான் இருந்தது, 35 வாங்காவிட்டால் பெயில். அம்மா பிரெஞ்சு என்றார், அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் பஸ் போர்டை நினைத்துக்கொண்டு தமிழே இருக்கட்டும் என்றேன். சொன்ன மறுநாளே பயம் வந்துவிட்டது.

பழகிய கருவி கீபோர்டுதான் என்பதால் அதில் தமிழ் டைப் செய்து பழகினேன். முதலில் பிடித்தது போனடிக் முறை. ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்தால் தமிழ் வரும். ஒரே வாரத்தில் பக்கம் பக்கமாக அடித்தேன். அரையாண்டில் 19 மார்க்தான்! காரணம் பிறகுதான் புரிந்தது. நான் பயன்படுத்திய முறையில் "என்" கீயைச் சொல்லின் முதலில் அடித்தால் தானாக ந வரும், நடுவில் அடித்தால் ன வரும், தகரத்துக்கு முன்னால் மறுபடி ந் ஆகும். எந்த இடத்தில் எந்த எழுத்து என்பதைக் கம்ப்யூட்டரே முடிவு செய்தது, நான் கற்கவில்லை. பேனாவைப் பிடித்தால் "னான் வன்தேன்" என்றுதான் எழுதினேன். தமிழ் தெரிந்தவர் வேகமாக அடிக்கப் போனடிக் நல்லதுதான். கற்றுக்கொள்பவருக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பொங்கல் விடுமுறையில் தமிழ்99 முறைக்கு மாறினேன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு அங்கீகரித்த கீபோர்டு அமைப்பு இது. சென்னை நியூ ஹொரைசன் மீடியா இலவசமாகத் தந்த என்.எச்.எம். ரைட்டரை விண்டோஸ் 7-இல் போட்டுக்கொண்டேன். கீபோர்டு படத்தைப் பிரிண்ட் எடுத்து மானிட்டருக்குக் கீழே ஒட்டினேன்.

இரண்டே நாளில் ஒன்று கண்ணில் பட்டது. உயிரெழுத்தெல்லாம் இடக்கையில், மெய்யெழுத்து அநேகமாக வலக்கையில். நடு வரிசையில் ஏ, எஸ், டி கீகளில் அ, இ, உ என்று குறில்கள். அவற்றுக்கு நேர் மேலே ஆ, ஈ, ஊ என்று நெடில்கள். ககரத்தை அடித்து இகரத்தை அடித்தால் கி. உயிர்மெய் என்று ஆசிரியர் சொன்னது இதுதானா என்று அன்றுதான் விளங்கியது. அ, ம, ம, ஆ என்று நான்கு கீ அடித்தால் "அம்மா" வந்துவிடும். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழும். ங அடித்து க அடித்தாலும், ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என்று அடித்தாலும் அப்படியே. இந்த ஆறு ஜோடிகள்தான் இலக்கணத்தில் வரும் இன எழுத்துகள். மற்ற பிள்ளைகள் சின்ன வகுப்பிலேயே படித்ததை என் விரல்கள் ஒன்பதாம் வகுப்பில் படித்தன. "அன்பு" என்று அடித்தால் ன-வுக்குப் புள்ளி தானாக வராது, நாமே வைக்க வேண்டும். ஏன் என்று யோசித்தால் அதுவும் ஒரு பாடம். பள்ளிக்கு ஒய் கீ, பல்லிக்கு என் கீ. இனிமேல் எப்படிக் குழம்பும்?

இரவில் அப்பாயி தினசரியை உரக்கப் படிப்பார், நான் அடிப்பேன். அவருக்குக் கண்புரை, அதனால் லதா பாண்ட்டை 36 அளவில் வைத்திருந்தேன். ஐந்தாவதோடு நின்ற படிப்பு அவருடையது. திரையில் ஒரு எழுத்துத் தவறினாலும் விடமாட்டார். "ஏன்டா தம்பி, தண்ணிக்கு எத்தனை சுழி? மூணு சுழி போடு" என்பார். எனக்கு ண, ன எல்லாம் அன்று முதல் மூணு சுழி, ரெண்டு சுழிதான்.

ஆனால் தேர்வைக் கையால்தானே எழுத வேண்டும்! அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தோம். வேர்டில் பாடத்தை 36 அளவில் அடித்து, எழுத்தின் நிறத்தை வெளிர் சாம்பலாக்கிப் பிரிண்ட் எடுத்து, அதன்மேல் பேனாவால் எழுதுவேன். தினம் இரண்டு பக்கம். இங்க் செலவைப் பார்த்து அப்பா முகம் சுளித்ததும் உண்டு. வீட்டில் தமிழ் எழுதத் தடுமாறும் பிள்ளை இருந்தால் இதைச் செய்து பாருங்கள்.

இன்று தனி சாப்ட்வேர் தேவையில்லை. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் திறந்து, டைம் அண்ட் லாங்வேஜ், அதில் லாங்வேஜ் அண்ட் ரீஜன் சென்று தமிழைச் சேர்க்கவும். பின் தமிழுக்கு எதிரே உள்ள மூன்று புள்ளிகளில் கிளிக் செய்து, லாங்வேஜ் ஆப்ஷன்ஸில் தமிழ் 99 கீபோர்டைச் சேர்க்கவும். விண்டோஸ் கீயை அழுத்தியபடி ஸ்பேஸ் பாரைத் தட்டினால் மொழி மாறும். "மமதை" போன்ற சொல்லில் வேண்டாத புள்ளி விழுந்தால், முதல் ம-வுக்குப் பின் அ அடித்துவிட்டு அடுத்த ம-வை அடிக்கவும்.

2013-இல் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தது. தமிழில் 83. அப்பாயியிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "மீதிப் பதினேழு எந்தச் சுழியில போச்சு?" என்று கேட்டார்.