ஊக்க மருந்தும் மூளையின் பாடமும்

சுறுசுறுப்பைத் தரும் மருந்து, விடமுடியாத பழக்கமாக மாறுவது எவ்வாறு? விலங்கியல் பயிலும் மாணவன் என்ற முறையில் நான் அறிந்துகொண்டதை இங்கே விளக்க முயல்கிறேன்.

நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசுவது வேதிப்பொருள்களின் வாயிலாகத்தான். ஓர் அணு சுரக்கும் பொருளை அடுத்த அணுவிலுள்ள 'ஏற்பிகள்' பெற்றுக்கொள்கின்றன. 1887-இல் பெர்லினில் எடெலியானு என்ற ருமேனிய வேதியியலார் உருவாக்கிய ஆம்பெட்டமினும், கோக்கா இலையிலிருந்து கிடைக்கும் கொக்கெயினும், டோபமைன் என்ற பொருளை மூளையில் பெருகச் செய்கின்றன. கிளர்ச்சி பிறப்பது இதனால்தான்.

ஆனால் ஒரு விந்தை! ஒரே அளவு மருந்தை எலிக்கு நாள்தோறும் கொடுத்துவந்தால், அதன் துள்ளல் நாளுக்கு நாள் மிகுகிறது. சில வாரங்கள் நிறுத்திவிட்டு மீண்டும் கொடுத்தாலும் அம்மிகுதி காணப்படுகிறது. மூளை எதையோ கற்றுக்கொண்டுவிட்டது என்பதே இதன் பொருள்.

கற்றலில் பெரும்பங்கு வகிப்பது குளுட்டமேட். அதன் ஏற்பிகளுள் என்.எம்.டி.ஏ. என்பது ஒன்று. அதன் துளையை மக்னீசியம் அயனி அடைத்துக்கொண்டிருக்கும். குளுட்டமேட் வந்து பொருந்தும் வேளையில் அணுவும் கிளர்ச்சியுற்றிருந்தால் மட்டுமே அடைப்பு நீங்கும், கால்சியம் உட்புகும், நரம்பிணைப்பு வலுப்பெறும்.

1989-இல் ரால்ஃப் கார்லர் குழுவினர், எம்.கே.-801 என்ற மருந்தால் இவ்வேற்பியை அடைத்துவிட்டுச் சுண்டெலிகளுக்கு ஊக்க மருந்துகளைக் கொடுத்தனர். துள்ளல் நாளுக்கு நாள் மிகுவது நின்றுபோயிற்று! 2001-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இதைவிட வியப்பானது. ஒரே ஒருமுறை கொக்கெயின் பெற்ற சுண்டெலியின் டோபமைன் அணுக்களில் இணைப்புகள் வலுப்பெற்று, 5 நாட்களுக்குப் பின்னும் அவ்வாறே இருந்தன. ஏற்பியை முன்னரே அடைத்தபோது அம்மாற்றம் நிகழவில்லை.

அப்படியாயின் இவ்வடைப்பு மருந்தையே சிகிச்சையாகத் தரலாகாதா? இடர்ப்பாடு இங்கேதான் உள்ளது. எம்.கே.-801 தானாகவே எலியைத் துள்ளச் செய்யவல்லது. அளவு மிகுந்தால் மூளையணுக்கள் சிலவற்றைச் சிதைக்கவும் செய்கிறது. அனைத்திற்கும் மேலாக, நல்ல பாடங்கள் மனத்தில் பதியவும் அதே ஏற்பிதான் வேண்டும். அதை அடைத்தால் கற்கும் ஆற்றலே குன்றும்.

கல்வி நுழையும் வாயிலும் போதைப் பழக்கம் நுழையும் வாயிலும் ஒன்றே. தேர்வு நேரத்தில் கண்விழிக்க மாத்திரையை நாடும் நண்பர்கள் இதைச் சிந்திக்க வேண்டுகிறேன். நாம் படிப்பதை மறந்தாலும் மறப்போம். மருந்து கற்பிக்கும் பாடத்தை மூளை எளிதில் மறப்பதில்லை.