கடற்பஞ்சின் பெரிய துளை வாயன்று

துளையுடலிகள் பற்றிக் கேட்டால் ‘வடிகட்டி உண்பவை’, ‘செல்லுக்குள் செரிமானம்’ என்று மாணவர்கள் சரியாகவே எழுதிவிடுகிறார்கள். படத்தைக் காட்டி, “உணவு எந்த வழியாக உள்ளே போகிறது?” என்று கேட்டுப் பாருங்கள். பலரது விரலும் மேலே உள்ள பெரிய துளையைத்தான் தொடும். பானைக்கு வாய் மேலேதானே இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. ‘ஆஸ்குலம்’ என்ற இலத்தீன் சொல்லின் பொருளும் ‘சிறு வாய்’ என்பதே. ஆகவே வடிவம், பெயர் இரண்டும் சேர்ந்து மாணவரைக் குழப்புகின்றன.

உண்மையில் ஆஸ்குலம் நீர் வெளியேறும் வழி. உடலெங்கும் உள்ள ஆஸ்டியா எனும் நுண்துளைகள் வழியாகவே நீர் உள்ளே நுழைகிறது. 1825-இல் ஸ்காட்லாந்து விலங்கியலாளர் இராபர்ட் கிராண்ட் உயிருள்ள கடற்பஞ்சை நுண்ணோக்கியில் கவனித்து, பெரிய துளையிலிருந்து நீர் இடைவிடாமல் வெளியேறுவதைக் கண்டார். இது தாவரமா, விலங்கா என்ற வாதம் தீர அக்கண்டறிதல் பெரிதும் உதவியது.

நீரை இழுப்பது யார்?

கடற்பஞ்சுக்கு இதயமோ தசையோ இல்லை. உட்சுவரில் உள்ள கோயனோசைட்டுகள் எனும் கழுத்துப்பட்டைச் செல்களே நீரை இழுக்கின்றன. ஒவ்வொரு செல்லிலும் ஒரு கசையிழை அசைந்துகொண்டே இருக்கிறது. 10 செ.மீ. உயரமும் 1 செ.மீ. விட்டமும் கொண்ட லியூக்கோனியா எனும் கடற்பஞ்சு நாளொன்றுக்குச் சுமார் 22.5 லிட்டர் நீரைச் செலுத்துவதாகக் கணக்கிட்டுள்ளனர். நம் வீட்டுக் குடத்தில் ஏறத்தாழ ஒன்றரைக் குடம்!

பிடிப்பது எப்படி?

வாய்க்காலில் வேகமாக வரும் நீர் குளத்தில் பரவும்போது மெதுவாகிறது. அதுபோலவே, குறுகிய கால்வாய்களில் வரும் நீர் எண்ணற்ற சிற்றறைகளில் பிரியும்போது வேகம் குறைகிறது. கசையிழையைச் சுற்றி நுண்விரல்கள் வேலிபோல் நிற்கின்றன. அவற்றின் இடைவெளி பாக்டீரியாவைவிடச் சிறியது. நீர் இடைவெளியில் புகுந்து செல்கிறது. பாக்டீரியா வேலியில் தங்கிவிடுகிறது. சற்றுப் பெரிய நுண்பாசிகளை, நீர் உள்ளே வரும் கால்வாய்ச் சுவரின் செல்களே பிடித்து விழுங்குகின்றன.

செரிப்பது எங்கே?

இரைப்பையும் குடலும் இல்லாததால், பிடித்த துகளைச் செல்லே விழுங்கி உணவுக் குமிழியில் அடைக்கிறது. நொதிகள் அங்கே செயல்படுகின்றன. இடைப்படலத்தில் நகர்ந்து திரியும் அமீபா போன்ற செல்கள் உணவைப் பெற்று, செரித்து, மற்ற செல்களுக்குக் கொண்டு சேர்க்கின்றன. கழிவு வெளியேறும் நீரில் கலந்து, ஆஸ்குலம் வழியே போய்விடுகிறது.

நம் கடலில்

சங்கரன்கோவிலிலிருந்து தூத்துக்குடிக் கடற்கரை சுமார் 100 கி.மீ. தொலைவு. அங்கிருந்து இராமேசுவரம் வரை நீளும் 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதி 1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பவளப்பாறைகளோடு பலவகைக் கடற்பஞ்சுகளும் அங்கு வாழ்கின்றன. அவற்றுள் கிளியோனா முத்துச்சிப்பி, சங்கு ஆகியவற்றின் ஓட்டைத் துளைத்துக் குடியிருக்கும். “சார், அது ஓட்டைத் தின்கிறதா?” என்று ஒரு மாணவர் கேட்பார். இல்லை. ஓடு அதற்கு வீடு மட்டுமே. உணவை நீரிலிருந்துதான் வடிகட்டிக்கொள்கிறது.

விதிவிலக்கும் உண்டு. மத்தியதரைக் கடலின் ஒரு குகையில் வாழும் ஆஸ்பெஸ்டோப்ளூமா எனும் கடற்பஞ்சு, கொக்கி போன்ற முட்களால் சிற்றிறால் வகைகளைப் பிடித்து உண்பது 1995-இல் தெரியவந்தது. அங்கும் செல்களே இரையைச் சூழ்ந்து செரிக்கின்றன.

வகுப்பறையில்

பாகங்களைக் குறிக்கச் சொல்லும் முன், அம்புக்குறி இல்லாத படத்தைக் கொடுத்து நீரின் பாதையை வரையச் சொல்லலாம். பிறகு மாணவர்கள் வட்டமாக நிற்கட்டும். வலக்கை கசையிழை, விரித்த இடக்கை விரல்கள் வேலி. காகித உருண்டைகள் வெளியிலிருந்து இடைவெளிகள் வழியே வரட்டும். பிடித்தவர் அடுத்தவருக்குக் கொடுக்கட்டும்.

இறுதியாக ஒரு கேள்வி: “கடலடி கலங்கி, நுண்துளைகளில் சேறு அடைத்தால் கடற்பஞ்சுக்கு என்ன ஆகும்?” நீரின் பாதையைப் புரிந்துகொண்ட மாணவர், புத்தகத்தில் தேடாமலே விடை சொல்வார். உணவும் உயிர்வளியும் ஒரே பாதையில்தான் வருகின்றன என்பதையும், கடல்நீர் தெளிவாக இருப்பது ஏன் முக்கியம் என்பதையும் அவர் அப்போது உணர்ந்திருப்பார்.