ஒரு மெகாவாட்டுக்கு எத்தனை லிட்டர்?

மாணவர்களே, ஜொகூரில் குலாய் யங் தோட்டம் என்று ஒரு செம்பனைத் தோட்டம் இருந்தது. ஏறக்குறைய 660 ஹெக்டர் நிலம். ஒய்.டி.எல். நிறுவனம் அதை வாங்கி, இப்போது அங்கே தரவு மையங்களைக் கட்டி வருகிறது.

தோட்டம் கைமாறுவது கெடாவில் இருக்கும் நமக்குப் புதிய செய்தி அல்ல. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புப் பகுதியும் தொழிற்பேட்டையும் வந்தன. இந்த முறை வந்திருப்பதுதான் சற்று விசித்திரமானது. பெரிய பெரிய கட்டடங்கள், உள்ளே ஆள் நடமாட்டம் மிகக் குறைவு. ஆனால் ஒரு நகரம் கேட்கும் அளவு மின்சாரம் கேட்கும், தண்ணீரும் கேட்கும்.

மின்சாரம் கேட்பது புரிகிறது. நீங்கள் பார்க்கும் காணொளி, அனுப்பும் புலனச் செய்தி, செயற்கை நுண்ணறிவிடம் கேட்கும் கேள்வி எல்லாம் அங்கே அடுக்கி வைத்திருக்கும் ஆயிரக்கணக்கான கணினிகளுக்குத்தான் போகின்றன. ஆனால் தண்ணீர் எதற்கு? கணினி தண்ணீர் குடிக்குமா?

ஆற்றல் அழியாது என்று படித்திருக்கிறீர்கள். கணினிக்குள் போகும் மின்னாற்றல் கிட்டத்தட்ட முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது. நெடுநேரம் விளையாடிய பின் கைப்பேசியின் முதுகைத் தொட்டுப் பாருங்கள். அந்தச் சூட்டை உடனுக்குடன் வெளியேற்றாவிட்டால் கணினிகள் பழுதாகிவிடும். வெளியேற்ற மலிவான வழி, நம் உடம்பு செய்வதுதான்: வியர்ப்பது. கட்டடத்தின் கூரையிலோ பக்கத்திலோ இருக்கும் குளிர்விப்புக் கோபுரத்தில் தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. படிவம் நான்கு இயற்பியலில் 'ஹபா பெண்டாம்' என்று வருகிறதே, அந்த உள்ளுறை வெப்பம்தான் இது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு மெகாவாட் என்றால் நொடிக்கு 1 மில்லியன் ஜூல். நம் ஊர் வெப்பநிலையில் ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 2.4 மில்லியன் ஜூல் வேண்டும். வெப்பம் முழுவதையும் ஆவியாதல் மூலமே வெளியேற்றினால், நொடிக்கு ஏறக்குறைய 0.42 கிலோ. ஒரு நாளுக்கு 86,400 நொடி. பெருக்கினால் சுமார் 36,000 லிட்டர். இது ஒரே ஒரு மெகாவாட்டுக்கு.

இப்போது கட்டப்படும் மையங்களில் 100 மெகாவாட் என்பது அரிதல்ல. அப்படியானால் நாளொன்றுக்கு 3.6 மில்லியன் லிட்டர். வீட்டில் ஒருவர் ஒரு நாளைக்கு 225 லிட்டர் பயன்படுத்துகிறார் என்று வைத்துக்கொண்டால், 16,000 பேரின் தண்ணீர். அதோடு முடியவில்லை. தண்ணீர் ஆவியாகலாம், அதில் கரைந்திருக்கும் உப்புகள் ஆவியாகாது. கெண்டியின் அடியில் வெள்ளையாகப் படிவது போலக் கோபுரத்திலும் படியும். அதனால் உப்பேறிய நீரை அவ்வப்போது வெளியேற்றிவிட்டுப் புது நீர் நிரப்ப வேண்டும்.

"ஆவியாக்காமலே குளிர்விக்க முடியாதா, டீச்சர்?" என்று வகுப்பில் யாராவது ஒருவர் கேட்டே தீருவார். நல்ல கேள்வி. முடியும். வீட்டு ஏர்கோன் அப்படித்தான் வேலை செய்கிறது. தண்ணீர்ச் செலவு வெகுவாகக் குறையும், ஆனால் மின்சாரச் செலவு கூடும். வெப்பம் எங்காவது போயே ஆக வேண்டும். அதை அனுப்புவதற்கான விலையைத் தண்ணீராகக் கட்டுவதா, மின்சாரமாகக் கட்டுவதா என்பதுதான் தேர்வு. அதிலும் நம்முடையது ஈரப்பதம் மிகுந்த நாடு. மழை நாளில் துணி காயாதது போல, நம் காற்றில் தண்ணீர் அவ்வளவு எளிதாக ஆவியாகாது.

மின்சாரமாகக் கட்டினால்? கோல கெட்டிலில் 50 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஒன்று இருக்கிறது. இரவு, மேகம், மழை எல்லாம் கழித்துப் பார்த்தால் இத்தகைய நிலையத்தின் சராசரி உற்பத்தி அதன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு, அதாவது பத்து மெகாவாட்டைத் தொடாது. தரவு மையமோ இரவு பகல் பார்க்காமல் ஓடும். ஒரு 100 மெகாவாட் மையத்துக்கு ஈடுகொடுக்க அப்படிப்பட்ட பத்து நிலையங்களுக்கு மேல் வேண்டும். தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியிலும் எரிவாயுவிலும் இருந்துதான் வருகிறது.

இவ்வளவு மையங்கள் ஏன் ஜொகூருக்கு வந்தன? சிங்கப்பூர் 2019 முதல் புதிய தரவு மையங்களுக்கு அனுமதியை நிறுத்தி வைத்திருந்தது. 2022இல்தான் மீண்டும் கதவைத் திறந்தது, அதுவும் கட்டுப்பாடுகளோடு. இடைப்பட்ட காலத்தில் முதலீட்டாளர்கள் பாலத்துக்கு இந்தப் பக்கம் பார்த்தார்கள். நிலம் மலிவு, தூரமும் குறைவு.

பிறகுதான் தண்ணீர்க் கணக்கு வந்தது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தேசிய நீர்ச் சேவை ஆணையமான ஸ்பான் வெளியிட்ட விவரம் இது: ஜொகூர், சிலாங்கூர், நெகிரி செம்பிலான் ஆகிய மூன்று மாநிலங்களிலும் தரவு மையங்கள் கேட்ட தண்ணீர் நாளொன்றுக்கு 808 மில்லியன் லிட்டர். கொடுக்க முடிந்தது 142 மில்லியன் மட்டுமே. பினாங்கு மாநிலம் முழுவதும் ஒரு நாளில் பயன்படுத்தும் நீரும் ஏறக்குறைய அந்த 808 அளவுதான். ஜொகூர் அரசு 2024இல் ஒரு குழு அமைத்து விண்ணப்பங்களை வடிகட்டத் தொடங்கியது. சுமார் 30 விழுக்காடு விண்ணப்பங்கள் திருப்பி அனுப்பப்பட்டன. அதைக் குறை சொல்வோரும் உண்டு. எனக்கு அது சரியாகவே படுகிறது.

எண்களை வெளியே சொல்வதே சில இடங்களில் பெரிய போராட்டமாகிவிடுகிறது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் த டேல்ஸ் என்றொரு சிறிய நகரம். அங்குள்ள கூகுள் மையம் எவ்வளவு தண்ணீர் எடுக்கிறது என்று ஒரு செய்தித்தாள் கேட்டது. அது வணிக இரகசியம் என்று சொல்லி, தகவலைக் கொடுக்காமலிருக்க நகர நிர்வாகமே நீதிமன்றம் போனது! ஓராண்டுக்கும் மேல் இழுத்து, 2022 கடைசியில்தான் உண்மை வெளிவந்தது. நகரத்தின் தண்ணீரில் கால் பங்குக்கும் மேல் அந்த ஒரு மையத்துக்கே போயிருந்தது.

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். ஜொகூர் அளவுக்குத் தரவு மையங்கள் இங்கே பெருகவில்லை. ஆனால் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் சில்லுத் தொழிற்சாலைகள் பெருகுகின்றன. அவற்றுக்கும் மிகத் தூய்மையான நீர் நிறைய வேண்டும். உலு மூடா காட்டில் பிறக்கும் மூடா ஆற்றை நம்பி யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மூடா அணையின் நீர் சுரங்கவழியாகப் பெடு அணைக்குப் போய், அங்கிருந்து கெடா, பெர்லிஸ் வயல்களுக்குப் பாய்கிறது. சுங்கை பட்டாணி வட்டாரத்துக்குக் குடிநீரும் இந்த ஆற்றிலிருந்துதான். பினாங்கு தன் மூல நீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் இதே ஆற்றிலிருந்து எடுக்கிறது. போதாக்குறைக்கு, கெடாவில் சுத்திகரித்து அனுப்பும் நீரில் ஏறக்குறைய பாதி, பழைய குழாய்களின் கசிவு முதலான காரணங்களால் கணக்கில் வராமலே போகிறது. அந்தக் குழாய்களின் கடைக்கோடியில் இருக்கும் வீடுகளில், தோட்டத்து வீடுகளும் சேர்த்துத்தான், நீரழுத்தம் முதலில் குறைகிறது.

குடிக்கத் தகுந்த நீரைத்தான் கோபுரத்தில் ஊற்ற வேண்டும் என்று எந்த விதியும் இயற்பியலில் இல்லை. கழிவுநீரைச் சுத்திகரித்தும் குளிர்விக்கலாம், ஜொகூரில் அதற்கான ஏற்பாடுகள் தொடங்கிவிட்டன. அதனால் நம் பக்கம் இப்படி ஒரு திட்டம் வருகிறது என்று செய்தி படித்தால், 'எத்தனை பில்லியன் ரிங்கிட்' என்ற வரியோடு நின்றுவிடாதீர்கள். எத்தனை மெகாவாட், எந்த முறைக் குளிர்விப்பு, தண்ணீர் குழாயிலிருந்தா கழிவுநீர் நிலையத்திலிருந்தா என்று தேடுங்கள்.

இன்று வீட்டுத் தண்ணீர்க் கட்டண ரசீதை எடுத்து, கன மீட்டர் என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 27 கன மீட்டர் ஆகலாம். நாம் கணக்கிட்ட ஒரு மெகாவாட்டுக்கு ஒரே நாளில் 36.